வார்ப்பிரும்பு அதே இடத்தில் மறுபடி உடைகிறதா? செட்டிநாட்டு வீடுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஒரே தாங்கி மூன்றாவது முறையாக என் பட்டறைக்கு வந்த அன்றுதான் இதை எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. மாடித் தாழ்வாரத்து ஓட்டுச் சாய்ப்பைத் தாங்கும், கொடியும் இலையுமாக வேலைப்பாடு செய்த வார்ப்பிரும்புத் தாங்கி அது. பழையது உடைந்ததும் புதிதாக வார்த்து மாட்டினார்கள். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை. இரும்பு மட்டம் என்று சொல்லி வேறு ஃபவுண்டரிக்குப் போய், இன்னும் தடிமனாக வார்த்தார்கள். அதுவும் அதே மூலையில் விட்டுப்போனது. "தம்பி, தடிமனாத்தானே போட்டோம், அப்புறம் ஏன்?" என்று அந்த வீட்டு ஆச்சி கேட்டார்கள். அதற்கான பதில் கீழே முதல் இரண்டு அறிகுறிகளில் இருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று நான் பார்த்த உடைசல்களில் பெரும்பாலும் இரும்பின் மேல் குறை இருந்ததில்லை. வடிவத்திலோ மாட்டிய விதத்திலோதான் கோளாறு. அதனால் புதிதாக வார்க்கக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

உடைந்த துண்டுகளை எறியாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். உடைந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. தேய்த்துவிட்டால் காரணமும் அதோடு போய்விடும்.

அது வார்ப்பிரும்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் எல்லாம் கலந்து கிடக்கும். சன்னல் கம்பி தேனிரும்பாக இருக்கும், கிராதியின் பூ வேலை வார்ப்பிரும்பாக இருக்கும், நடுவில் யாரோ பழுது பார்த்த துண்டு சாதாரண எஃகாக இருக்கும். மறைவான இடத்தில் 3 மி.மீ. ட்ரில் வைத்துப் பாருங்கள். எஃகு என்றால் சுருள் சுருளாகச் சீவல் வரும். வார்ப்பிரும்பு என்றால் பென்சில் கரி மாதிரிக் கறுப்புத் தூளும் சின்னச் சின்னப் பொடியும் உதிரும், விரலில் ஒட்டும்.

அடுத்து உடைந்த முகத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, மணல் போலப் பொடிப்பொடியாக மின்னினால் ஒரே அடியில் உடைந்திருக்கிறது. ஒரு பகுதி பழுப்பாகத் துருவேறி, மீதி மட்டும் புதிதாக மின்னினால், அந்த விரிசல் பல நாளாக உள்ளே இருந்திருக்கிறது. கறுப்புப் பொந்து தெரிந்தால் வார்ப்பிலேயே குறை. வெள்ளி மாதிரி வெள்ளையாகப் பளபளத்தால் அந்த இடம் கண்ணாடிபோல இறுகிவிட்டது.

இன்னும் உடையாத பாகத்தில் விரிசலைத் தேட மண்ணெண்ணெயும் சாக்பீசும் போதும். பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்லத் திரும்பி வந்து, வெள்ளைப் பரப்பில் தலைமுடி கனத்தில் ஒரு ஈரக்கோடு எழும்பும். அது எங்கே முடிகிறது என்று உடனே பேனாவால் குறியுங்கள், கொஞ்ச நேரத்தில் பரவி மங்கிவிடும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றால் வெல்டிங் சாமான் கடையில் சிவப்புச் சாய ஸ்ப்ரே கிடைக்கும், அது இன்னும் தெளிவாகக் காட்டும்.

அறிகுறி 1: உள்மூலையில் விரிசல், அல்லது அதே மூலையில் மறுபடி உடைவு

*போல்ட்டை இறுக்கியதால் வந்ததா?*

முதலில் இதைப் பாருங்கள், பத்து நிமிட வேலை. தாங்கி உட்காரும் கல்லோ சுவரோ சமமாக இருக்காது. எஃகுப் பட்டை என்றால் போல்ட்டை இறுக்க இறுக்க வளைந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது. இறுக்கும்போதே உள்ளே இழுவை ஏறி, பின்னால் ஒரு சின்ன அதிர்ச்சியில் விட்டுவிடும்.

எடையை முட்டுக் கொடுத்துத் தாங்கிவிட்டு எல்லா போல்ட்டையும் தளர்த்துங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். எங்காவது அட்டை தாராளமாகப் போனால் அங்கேதான் காரணம். அந்த இடத்தில் ஈயத் தகடு கொடுத்தோ, சுருங்காத கலவை நிரப்பியோ முழுதும் பதிய வைத்துவிட்டு, எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

*புதிதாக எதையாவது கட்டினீர்களா?*

ஏசியின் வெளிப்பெட்டி, டிஷ், தண்ணீர்க் குழாய், ஊஞ்சல் கொக்கி என்று எதுவாகவும் இருக்கலாம். வார்ப்பிரும்பு இழுவையைத் தாங்குவதைவிட அமுக்கத்தை மூன்று, நான்கு மடங்கு தாங்கும். அந்தக் காலத்தில் வடித்தவர்கள் இதை அறிந்து, எடை எப்போதும் அமுக்கமாகவே இறங்கும்படி வளைவு கொடுத்திருப்பார்கள். நீங்கள் நுனியில் ஒன்றைத் தொங்கவிட்டால் அமுக்கம் இருந்த இடம் இழுவையாக மாறிவிடும். பெட்டியை இறக்குங்கள், வேறு வைத்தியம் வேண்டியதில்லை.

*மூலை கூர்மையாக இருக்கிறதா?*

மேலே சொன்ன இரண்டும் இல்லை என்றால் வடிவத்தைப் பாருங்கள். சுண்டு விரல் நுனியை அந்த உள்மூலையில் வையுங்கள். விரல் பதிந்து உட்கார்ந்தால் நல்லது. நகம் மட்டும்தான் ஏறுகிறது என்றால் மூலை கூர்மை. விரிசல் அங்கேதான் பிறக்கும். ஊற்றிய இரும்பு உறையும்போதும் அந்தக் கோட்டில் பலவீனம் தங்கிவிடும்.

வார்ப்பின் சுவர், அதாவது அந்தக் கையின் தடிமன், 10 மி.மீ. என்றால் உள்மூலை வளைவுக்கு 5 மி.மீ. ஆரமாவது கேளுங்கள். மண்ணில் பதிக்கும் மாதிரியைச் (பேட்டர்ன்) செய்யும் பேட்டர்ன் ஆசாரி தோல் பட்டையோ மெழுகோ வைத்து அந்த மூலையை உருட்டிக் கொடுத்துவிடுவார், செலவு மிகக் குறைவு. அதற்காக அளவுக்கு மீறி உருட்டவும் கூடாது. மூலையில் இரும்பு குவிந்து போய் அடுத்த அறிகுறியில் கொண்டு விட்டுவிடும்.

*தடிமன் திடீரென்று மாறுகிறதா?*

8 மி.மீ. இலை வேலை நேராக 25 மி.மீ. அடித்தகட்டில் போய் முட்டினால் ஒன்று முதலில் ஆறும், மற்றது பிறகு ஆறும். பிறகு ஆறுவது முன்னதை இழுக்கும். அந்த இழுவை வார்ப்புக்கு உள்ளேயே தங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் சரிவாகச் சேர வேண்டும். தடிமனில் 1 மி.மீ. ஏறினால் நீளத்தில் 4 மி.மீ. ஓடட்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

வலுவுக்காக ரிப் (தாங்கு பட்டை) வைக்கச் சொல்கிறவர்கள் அதை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். மெல்லிய ரிப்பின் ஓரம் இழுவைப் பக்கம் வந்தால் முதலில் உடைவது அதுதான். அமுக்கப் பக்கம் வையுங்கள்.

*எல்லாம் சரி, ஆனாலும் உடைகிறது என்றால்*

அந்த இடத்தில் அடியோ அதிர்வோ தவிர்க்க முடியாது என்று அர்த்தம். எஸ்.ஜி. அயர்னில் வார்க்கக் கேளுங்கள். அதில் கரி தகடு தகடாக இல்லாமல் உருண்டையாக இருக்கும், அதனால் உடைவதற்கு முன் ஓரளவு வளைந்து கொடுக்கும். விலை கூடுதல். சாதாரண வார்ப்பைவிட உறையும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால் அதில் பழகிய ஃபவுண்டரிதான் வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: தாங்கியின் மேல் ஆட்கள் நடமாடும் மாடமோ, ஓட்டுக் கூரையோ இருந்தால், விரிசல் தலைமுடி அளவு என்றாலும் முதலில் சவுக்குக் கட்டை முட்டு, பிறகு கட்டமைப்புப் பொறியாளர். நான் உட்பட எந்தப் பட்டறைக்காரர் சொல்லையும் நம்பி முட்டுக் கட்டையை எடுக்காதீர்கள்.

அறிகுறி 2: துளை போடும்போது உள்ளே பொந்து

கானாடுகாத்தான் தாங்கியைச் சாணை வைத்து அந்த மூலைக்குக் குறுக்கே அறுத்தோம். வெளியே பழுதே தெரியாத வார்ப்பு. உள்ளே, சரியாக மூன்று கை சேரும் இடத்தில், வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு பொந்து. அதன் சுவர் வழவழப்பாக இல்லை, மர வேர் மாதிரிச் சொரசொரப்பாக, கறுப்பாக இருந்தது. தடிமன் கூட்டியதால் வந்த வினை இது. வெளிப்புறம் முதலில் உறைந்துவிட்டது. நடுவில் இருந்த இரும்பு கடைசியில் உறைந்து சுருங்கியபோது, நிரப்ப வேறு இரும்பு வந்து சேரவில்லை. ஆச்சியிடம் அந்த அறுத்த துண்டையே கையில் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

முதலில் இரண்டு வகைப் பொந்தையும் பிரித்துப் பாருங்கள்.

*வழவழப்பாக, உருண்டையாக இருந்தால்*

அது காற்று. மோல்டிங் மண்ணில் ஈரம் அதிகம், கோர் (வார்ப்பில் உள்வெற்றிடம் விட அச்சுக்குள் வைக்கும் மண்கட்டி) சரியாகக் காயவில்லை, ஆவி போக வழி இல்லை, இவற்றில் ஏதோ ஒன்று. உங்கள் வரைபடத்தில் குறை இல்லை. ஃபவுண்டரியில் சொல்லி மறுபடி வார்த்துத் தரச் சொல்லலாம், நியாயமானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

*சொரசொரப்பாக, தடித்த இடத்தில் இருந்தால்*

இது வடிவத்தில் உள்ள குறை. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பாகத்தின் குறுக்கு வெட்டை முழு அளவில் தாளில் வரையுங்கள். சுவருக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைப் போடுங்கள். பிறகு கைகள் சேரும் மூலையில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தைப் போடுங்கள். நாணயம், வளையல், பாட்டில் மூடி எதை வைத்து வேண்டுமானாலும் வரையலாம். மூலை வட்டம் சுவர் வட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்குப் போனால் அங்கே பொந்து விழ வாய்ப்பு அதிகம்.

சரிசெய்ய, சுலபமானதிலிருந்து தொடங்கினால்: நான்கு ரிப் கூட்டல் குறிபோல ஒரே இடத்தில் சந்திக்கிறது என்றால் ஒன்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள், இரண்டு சிறிய சந்திப்பாகப் பிரிந்துவிடும். போல்ட் போகும் கொண்டை தடித்திருந்தால் அதன் நடுவில் கோர் வைத்து வார்ப்பிலேயே துளை விடச் சொல்லுங்கள். அடித்தகடு கனமாக இருந்தால் பின்பக்கம் குடைந்து, ஓரத்தில் மட்டும் தடிமன் விடுங்கள். இது எதுவும் முடியாது என்றால்தான் அந்த இடத்துக்கு ரைசர், அதாவது உறையும்போது உருகிய இரும்பை ஊட்டும் தேக்கம், வைக்க வேண்டும். ரைசர் என்றால் கூடுதல் இரும்பு, பிறகு அதை அறுத்துத் தேய்க்கும் கூலி.

பொந்தில் எபாக்ஸிப் பசை அடைத்துப் பெயிண்ட் அடிப்பது அழகு வேலைக்குப் பரவாயில்லை. எடை தாங்கும் பாகத்தில் அதைச் செய்பவரிடம் அடுத்த வேலை கொடுக்காதீர்கள்.

அறிகுறி 3: ட்ரில் ஏறவே மாட்டேன் என்கிறது

புதிய வார்ப்பில் ட்ரில் நுனி கீச்சிட்டு வழுக்கி, மழுங்கிப்போகிறது. ஓரங்களிலும் மெல்லிய இலை நுனியிலும்தான் இது நடக்கும். பட்டறைப் பேச்சில் சில் ஆகிவிட்டது என்போம். இரும்பு சட்டென்று குளிர்ந்து, கரி பிரிந்து வராமல் உள்ளேயே பிணைந்து, வெள்ளையாக இறுகிவிட்டது.

சுவர் 4, 5 மி.மீட்டருக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தடிமனைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது துளை வரும் இடத்தைத் தடித்த பக்கம் மாற்றுங்கள். சுவர் சரியாக இருந்தால் ஈர மண், உருக்கில் சிலிக்கான் குறைவு, சூடு அடங்கும் முன்பே அச்சை உடைத்தது என்று ஃபவுண்டரி பக்கம் காரணம் இருக்கும். கையில் இருக்கும் வார்ப்பை வீணாக்க வேண்டாம் என்றால், அதைச் சுமார் 900 டிகிரிக்குச் சூடேற்றி உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டு இளக்கலாம். அது வெப்ப உலை வைத்திருப்பவர் வேலை. கேஸ் டார்ச்சை வைத்து நீங்கள் முயன்றால் பாகம் வெடித்துவிடும்.

அறிகுறி 4: புதிய கிராதி பழைய இடத்தில் பொருந்தவில்லை

இது ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் வரும் புகார். மாடி முகப்பில் ஒரு வரிசைக் கிராதி, அதில் ஒரு பலகம் காணவில்லை. பக்கத்துப் பலகத்தைக் கழற்றிக் கொண்டுபோய் அதையே மாதிரியாக மண்ணில் பதித்து வார்த்துவிடுகிறார்கள். வந்து மாட்டினால் இரண்டு பக்கமும் சந்து.

*சுருக்கத்தைக் கணக்கில் எடுத்தீர்களா?*

சாம்பல் வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 900 மி.மீ. பலகம் என்றால் 9 மி.மீ. குறைந்து வரும். போல்ட் துளைகளும் அதே விகிதத்தில் உள்ளே தள்ளிவிடும். பழைய பாகத்தையே மாதிரியாக வைத்தால் இது தப்பவே முடியாது. பேட்டர்ன் ஆசாரியிடம் இந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட தனி ஸ்கேல் இருக்கும், அதில் அளந்து மரத்தில் செய்யச் சொல்லுங்கள். இப்போது பழைய பலகத்தை ஸ்கேன் செய்து, கணினியில் நூற்றுக்கு ஒன்று பெரிதாக்கி, பிளாஸ்டிக்கில் அச்சிட்டுப் பேட்டர்னாகக் கொடுக்கிறார்கள். பூ வேலை நுணுக்கமாக இருந்தால் அதுவே நல்லது.

சந்து சின்னது, பலகம் எடையும் தாங்கவில்லை என்றால் புதிதாக வார்க்க வேண்டாம். ஓரத்தில் ஒரு பட்டை கொடுத்துச் சமாளிக்கலாம்.

*பூ வேலை மழுங்கி வருகிறதா?*

பழைய பலகத்தில் நூறு ஆண்டுப் பெயிண்ட் அடை அடையாக இருக்கும். அதோடு பதித்தால் பெயிண்டும் சேர்ந்துதான் வார்ப்பாகும். முதலில் பெயிண்டை நீக்குங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தீ வைத்து எரிக்கவோ உலர்ந்தபடி சாணை பிடிக்கவோ வேண்டாம். ரசாயன நீக்கியைத் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வர வேண்டாம்.

இன்னொன்று, மண்ணிலிருந்து பேட்டர்ன் உருவி வெளியே வர, பக்கங்களில் ஒன்று, இரண்டு டிகிரி சரிவு வேண்டும். சரிவு இல்லாத பேட்டர்னை உருவும்போது மண் பெயர்ந்து இலை நுனிகள் உருக்குலையும். ஒரு இலை இன்னோர் இலைக்கு அடியில் மடிந்து போகிறது என்றால் தனி கோர் வேண்டும், விலை ஏறும். ஒரிஜினலைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பாதி அச்சு சேர்ந்த கோடு மெல்லிசாகத் தெரியும். அதைச் செய்தவர்கள் எந்த இலையும் அந்தக் கோட்டைத் தாண்டி மடியாதபடி கொடியை ஓடவிட்டிருப்பார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது வியப்புத்தான். பெரும் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் வார்க்கப்பட்ட சாமான், அதிலும் ஒவ்வொரு இலையிலும் யோசனை இருக்கிறது.

*பலகம் வளைந்து வந்ததா?*

இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். மேல்கம்பி கனமாகவும் கீழே பூ வேலை மெல்லியதாகவும் இருந்தால் ஆறும்போது வளையும். அடித்து நிமிர்த்த நினைக்காதீர்கள், சத்தம் கேட்கும் முன்பே இரண்டாகிவிடும். கனமான கைப்பிடிக் கம்பியைத் தனி எஃகாக வைத்து, பூப்பலகத்தை மட்டும் வார்த்து, நீள்துளை வழியாக போல்ட் போட்டு இணையுங்கள். வெயிலில் நீளவும் குறுகவும் அந்த நீள்துளை இடம் கொடுக்கும்.

புதிதாக வார்ப்பதற்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். இடித்த வீடுகளின் கிராதி, தூண், தாங்கி எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அதே அச்சில் வார்த்த ஜோடி கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வாங்கும் முன் சாக்பீஸ் சோதனை மட்டும் கட்டாயம்.

அறிகுறி 5: கிணற்று ராட்டினத்தின் ஆரம் விரிகிறது

இரண்டாம் கட்டுக் கிணறுகளில் இன்னும் பழைய ராட்டினங்கள் ஓடுகின்றன. ஆரம், அதாவது நடுக்கொண்டையிலிருந்து விளிம்புக்குப் போகும் கால், விரிந்தால் முதலில் அச்சுத் தண்டைப் பாருங்கள். எண்ணெய் காணாமல் தேய்ந்து, சக்கரம் ஆடி, கயிறு பக்கவாட்டில் இழுத்திருக்கும். புது ராட்டினம் வார்த்து உடனே விரிந்தால் ஆரங்களைப் பாருங்கள். நேராக, ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கிறதா? விளிம்பும் நடுக்கொண்டையும் வேறு வேறு வேகத்தில் ஆறும்போது நேர் ஆரம் இரண்டுக்கும் நடுவில் மாட்டி இழுபடும். பழைய சக்கரங்களில் ஆரம் வளைந்தும், ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையிலும் இருப்பது இந்த இழுவைக்கு இடம் கொடுக்கத்தான். பேட்டர்னை அப்படி மாற்றுங்கள். விரிந்த ராட்டினத்தை வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம், அது தலைக்கு மேலே சுற்றும் சாமான்.

அறிகுறி 6: வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல்

சாதாரண எஃகு வெல்டிங் ராடு போட்டிருப்பார்கள். வேறு எதையும் யோசிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். வார்ப்பிரும்பின் கரி எஃகில் ஏறி, இணைப்பின் ஓரம் கண்ணாடியாக இறுகி, ஆறும்போதே பிளந்துகொள்ளும்.

நிக்கல் ராடு போட்டும் விரிந்தது என்றால் அவசரம்தான் காரணம். ஒரு அங்குலம் வைத்து நிறுத்த வேண்டும். சூடு இருக்கும்போதே சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கொடுத்து, கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த அங்குலம். பொறுமை இல்லாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தொடங்கும் முன் விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த முனை எங்கே என்று காட்டத்தான் சாக்பீஸ் சோதனை.

அழகு வேலைப் பாகங்களுக்கு நான் பித்தளை வைத்துப் பற்றவைப்பதையே விரும்புகிறேன். இரும்பை உருக்காமல் ஒட்டுவதால் விரிசல் குறைவு. நிறம் மட்டும் மஞ்சளாகத் தெரியும், பெயிண்டில் மறைந்துவிடும். எடை தாங்கும் பெரிய பாகம் என்றால் முழுவதையும் 500, 600 டிகிரிக்குச் சூடேற்றி வெல்டிங் வைத்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து ஒரு நாள் ஆறவிட வேண்டும். இல்லையென்றால் சூடே இல்லாமல், விரிசலுக்குக் குறுக்கே உலோகப் பூட்டுகளை அடித்து இணைக்கும் உலோகத் தையல் போட வேண்டும். இரண்டும் அனுபவஸ்தர் வேலை.

பணியாரக்கல் விரிந்தால் எதுவும் செய்ய முடியாது, புதிது வாங்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

அறிகுறி 7: கிராதிக் கால் அடியில் துரு, கல் பிளக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வரும் தொல்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கல்லுக்குள் பதித்த கால் துருவேறி ஊதினால் கருங்கல்லே பிளக்கும்.

காலைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள். ஒரு குவளை தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். நின்றால் சுண்ணாம்புக் கலவையில் சின்ன மேடு கட்டி வெளியே ஓடவிடுங்கள். பழையவர்கள் காலைக் கல்லில் ஈயம் உருக்கி ஊற்றிப் பதித்திருப்பார்கள். அந்த ஈயம் விலகி இருந்தால் மறுபடி தட்டி அடைக்க வேண்டும். அதைத் தோண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சிமெண்ட் விரிந்ததும் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும்.

புதிதாக வார்ப்பதானால் கிண்ணம்போலத் தண்ணீர் நிற்கும் பூ வேலையின் அடியில் 10 மி.மீ. வடிகால் துளை கேளுங்கள். மேல்முகங்கள் எல்லாம் சற்றுச் சரிவாக இருக்கட்டும். துருவைச் சுத்தமாக நீக்கி, அன்றைக்கே துத்தநாக பாஸ்பேட் பிரைமர் அடியுங்கள். ஒரு இரவு விட்டாலும் மறுபடி பூத்துவிடும். துருவும் அரிப்பும் நம் ஊருக்குத் தெரியாத சங்கதி இல்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது, உலோக அரிப்பு அங்கே நடக்கும் முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று.

அறிகுறி 8: தூணில் நெடுக்கு விரிசல்

இதில் நீங்கள் செய்து பார்க்க எதுவும் இல்லை. தூணைச் சுற்றி ஆட்களை விலக்குங்கள், பக்கத்தில் முட்டுக் கொடுங்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா? குழல் தூண்களைப் படுக்க வைத்து வார்க்கும்போது உள்ளே இருக்கும் கோர் நகர்ந்து, ஒரு பக்கம் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போவதுண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. அல்ட்ராசோனிக் கருவி வைத்து நான்கு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு, உள்ளே தண்ணீர் இறங்குகிறதா? சில வீடுகளில் மழைநீர் தூணுக்கு உள்ளேயே இறங்கும். அடைத்துக்கொண்டால் உள்ளிருந்து துருவேறும். வலுவுக்கு என்று உள்ளே கான்கிரீட் நிரப்ப யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஈரம் நிரந்தரமாக உள்ளே தங்கும்.

வார்க்கக் கொடுக்கும்போது சீட்டில் எழுத வேண்டியவை

வாயால் சொன்னது கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். எழுதிக் கொடுங்கள். இரும்பின் தரம், எடை தாங்காத பாகத்துக்கு எஃப்.ஜி. 150, தாங்குவதற்கு எஃப்.ஜி. 200 அல்லது 220. அந்த எண், தனியாக வார்த்த சோதனைக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவை தாங்கியது என்பதைச் சொல்வது. உங்கள் பாகத்தின் தடித்த இடத்தில் அவ்வளவு இருக்காது. அதனால் ஓரம் வரைக்கும் கணக்குப் போட்டு மெலிக்காதீர்கள். எந்த முகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டும் என்று குறித்து, அங்கே 3 மி.மீ. கூடுதல் விடச் சொல்லுங்கள். எந்த முகம் கண்ணில் படும், எது சுவர்ப் பக்கம் போகும் என்று எழுதுங்கள். அழுக்கும் குமிழியும் அச்சின் மேல்பக்கம்தான் ஒதுங்கும், அவர்கள் பார்வைப் பக்கத்தைக் கீழே வைத்து வார்ப்பார்கள். பத்து வேண்டும் என்றால் முதலில் ஒன்று மட்டும் வார்த்து, அதைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். அறுத்த ஒன்றின் காசு போகட்டும்.

கானாடுகாத்தான் தாங்கிக்கு அப்படித்தான் செய்தோம். பழைய ஒரிஜினலின் தடிமனுக்கே திரும்பினோம், உள்மூலையை 5 மி.மீ. உருட்டினோம், ஒரு கொடியை மட்டும் விரல் அகலம் தள்ளி வைத்தோம், சுவரில் ஈயத் தகடு கொடுத்து மாட்டினோம். இரண்டாவதாக வார்த்த தடித்த தாங்கியைவிடக் கிட்டத்தட்ட மூன்று கிலோ குறைவு. இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, சாக்பீஸில் கோடு எழவில்லை.

பேட்டர்னுக்குக் காசு கொடுத்தது நீங்கள், அதனால் வேலை முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுங்கள். கரையான் மருந்து தடவி, துணியில் சுற்றி, ஈரம் படாத அறையில் படுக்க வைத்து, எந்த முகப்பில் எத்தனையாவது தாங்கி என்று அதன் மேலேயே எழுதி வையுங்கள்.